மலக்கி லவெல் இறந்த தேதி

வேர் தேடி வருபவர்கள் எங்கள் தேவாலயப் பங்கு அலுவலகத்தில் முதலில் கேட்பது கழிவறை எங்கே என்றுதான். கொள்ளுத்தாத்தா அதற்கு அப்புறம்தான் வருவார். பாஸ்டன்காரர்களானாலும் சிட்னிக்காரர்களானாலும் நாற்பது ஆண்டுகளாக இதே வரிசைதான். இந்த ஏப்ரலில் கவென்ட்ரியிலிருந்து வந்த பெண் மட்டும் கழிவறையைக் கேட்கவில்லை. மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், "அட்ராக்டா மன்னெலி நீங்கதானா?" என்று கேட்டாள். இவள் வேறு மாதிரி என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

சார்ஜண்ட் டூஹி, நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்த வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் பயமில்லை. முதல் பக்கத்திலேயே மூன்று பிழைகள். ஃபெஸ்டி லவெலின் நிலம் நாற்பத்தொரு ஏக்கர், நாற்பது அல்ல. அவர் இறந்தது 2009 அக்டோபரில், நவம்பரில் அல்ல. மூன்றாவதுதான் பெரிய பிழை. 'பதிவேடுகளைத் திருத்தி' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எந்தப் பதிவேட்டிலும் ஒரு புள்ளியைக்கூட மாற்றியதில்லை. பிழையான தாளில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாதவள் என்பதால் நானே எழுதித் தருகிறேன். இதில் உள்ளதெல்லாம் சரியாக இருக்கும்.

கில்கோரா பங்கின் ஞானஸ்நானப் பதிவேடுகள் 1824-இல் தொடங்குகின்றன. அவற்றை நான் கரைத்துக் குடித்தவள். ஈரம் தின்ற பக்கங்கள், லத்தீன் பெயர்கள், அவசரத்தில் கிறுக்கிய சாமியார்கள். எந்தச் சாமியார் எந்த ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டு எழுதினார் என்று எழுத்தைப் பார்த்தே சொல்வேன். உங்கள் அம்மா வழி ஆட்களை 1831 வரை கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். அதில் ஓர் ஆட்டுத் திருடன் இருந்ததை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பங்கில் அடக்கப் பதிவேடும் உண்டு. மேயோ மாவட்டத்தில் பாதிப் பங்குகளில் அது கிடையாது, இறந்தவர்களை மண்ணுக்குள் வைத்ததோடு சரி. எங்களிடம் 1870 முதல் ஒருவர் விடாமல் இருக்கிறார்கள்.

டப்ளினில் ஆவணக் காப்பகம் 1922-இல் எரிந்த கதை உங்களுக்குத் தெரியும். எங்கள் பங்குப் புத்தகங்கள் அந்தப் பக்கமே போனதில்லை, அவை இங்கேயே இரும்புப் பெட்டியில் இருந்தன. ஆனாலும் இந்த நாட்டில் யாரிடம் போய் 'அது எரிந்துவிட்டது' என்றாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எந்த ஆண்டுப் பதிவு, எந்த ஊர்ப் பதிவு என்று கேட்பதில்லை. சோம்பேறி எழுத்தர்கள் நூறு ஆண்டுகளாக அந்த நெருப்பின் தயவில் பிழைக்கிறார்கள். நான் அதைச் சொன்னது என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை.

இன்னொரு விஷயமும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். பிள்ளை இறந்துபோனாலும் பெயர் இறந்துபோகக் கூடாது. அதனால் அடுத்துப் பிறக்கும் பையனுக்கு அதே பெயரை வைத்தார்கள். ஒரு வீட்டில் மூன்று பேட்ரிக் பிறந்து மூன்றாமவன் மட்டும் பிழைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். தேடி வருபவர்களுக்கு இது தெரியாது. முதல் பிள்ளையின் இறப்பைக் கண்டதும் அந்தக் கிளையே பட்டுப்போய்விட்டது என்று பென்சிலால் கோடு போட்டுவிடுவார்கள். வேறொரு குழந்தையின் கல்லறையில் பூ வைத்துவிட்டு அழுவார்கள். எத்தனை பேரின் கையைப் பிடித்து, 'பொறுங்கள், அடுத்த பக்கத்தையும் பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கிறேன் என்பதற்கு நன்றிக் கடிதங்களே சாட்சி. அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன, நீங்கள் பார்க்கலாம்.

இனி ஃபெஸ்டி லவெல். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. அந்தப் பக்கத்தில் இருந்தது அந்த இரண்டு வீடுகள்தான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் கால்கள் புண்ணாகிப் போன பிறகு பதினோரு ஆண்டுகள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் நான். பன்றி இறைச்சி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, வெள்ளிக்கிழமையில் மீன். கட்டுப் பிரித்துக் காலைக் கழுவி மறுபடி கட்டுவேன். என் மகன் ஜார்லத் அவருடைய ஆடுகளைத் தன் ஆடுகளோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டான், வேலி போட்டான், சேற்று வயலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தான். ஊரில் இருந்தவர்கள் நாங்கள். இருப்பது எவ்வளவு வேலை என்று போனவர்களுக்குத் தெரியாது.

போனவர் என்று நான் சொல்வது ஃபெஸ்டியின் தம்பி மலக்கியை. 1952-இல் இங்கிலாந்துக்குப் போனார். ரோடு போடும் வேலை, சுரங்கப் பாதை வேலை. வரி கட்டாமல் கையில் கூலி வாங்க, இன்னொருவன் பெயரில் வேலை பார்ப்பது அங்கே நம்மவர்களுக்கு வழக்கம். இவரும் அப்படித்தான். முதலில் கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஃபெஸ்டி மட்டும் விடவில்லை. நான் தட்டைக் கீழே வைப்பதற்குள், "தபால் ஏதும் வந்துச்சா?" என்று கேட்பார். பதினோரு ஆண்டுகளில் அவர் அதைக் கேட்காத நாள் இல்லை. மின்சார பில்தான் வந்திருக்கிறது என்பேன். அதற்கும் ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

உயிலையும் அப்படித்தான் எழுதினார். நிலமும் வீடும் என் தம்பி மலக்கி உயிரோடு இருந்தால் அவனுக்கு, இல்லையென்றால் ஜார்லத் மன்னெலிக்கு. எழுதிவிட்டு எங்களிடமே வாசித்துக் காட்டினார். ஜார்லத் வெளியே போய் விறகு பிளந்தான். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. புண்ணைக் கழுவ நான், பெயர் சொல்ல அவன். அந்த மனுஷன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. தெரியாத ஒருவனுக்கு அடுத்த இடத்தில் என் மகனை நிறுத்திவிட்டார்.

2009 மார்ச்சில் அந்தக் கடிதம் வந்தது. பங்கு அலுவலகத்துக்கு வந்தது, ஃபெஸ்டிக்கு அல்ல. கவென்ட்ரியில் வயதான ஆண்கள் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து ஒரு கன்னியாஸ்திரீ எழுதியிருந்தார். அடியில் நடுங்கும் கையெழுத்தில் மலக்கி லவெல் என்று இருந்தது. ஐம்பது ஆண்டுகளாக ஜாக் ரைலி என்ற பெயரில் வேலை பார்த்தவராம். முதியவர்களை அயர்லாந்துக்குத் திருப்பி அழைத்து வீடு கொடுக்கும் ஒரு திட்டத்தில் சேர வேண்டுமாம். தான் யார் என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பதிவாளர் அலுவலகம் பன்னிரண்டு மைல் தூரம் என்பதால் அவர் அப்பா பிறப்பைப் பதியவே இல்லை. ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றுதான் வழி. பிறந்தது 1932 மே, தகப்பன் தாமஸ், தாய் பிரிட்ஜெட். என் அண்ணன் ஃபெஸ்டி உயிரோடு இருக்கிறானா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன் என்று முடித்திருந்தார்.

நான் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து 1932-ஐப் பார்த்தேன். 114-ஆம் பக்கம், ஆறாவது வரி. அது இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. பிறகு அடக்கப் பதிவேட்டையும் எடுத்தேன். 1930 பிப்ரவரி 9, மலக்கி லவெல், வயது இரண்டு, தாமஸ் - பிரிட்ஜெட் தம்பதியின் மகன். இதைப் பற்றி நான் நிறைய யோசித்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் முடிவுசெய்துவிட்டேன்.

நான் எழுதிய பதிலை அந்தக் கவென்ட்ரிப் பெண் உங்களிடம் கொடுத்திருக்கிறாள். வாசித்துப் பாருங்கள், ஒரு பொய்யைக் காட்டுங்கள். தாமஸ், பிரிட்ஜெட் லவெல் தம்பதியின் மகன் மலக்கி 1930-இல் இரண்டு வயதில் இறந்து எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார் என்று எழுதினேன். அடக்கப் பதிவின் நகலை முத்திரை குத்தி இணைத்தேன். வயதானவர்கள் கேள்விப்பட்ட பெயர்களைத் தங்களுடையதாக நினைத்துக்கொள்வது உண்டு, அவரிடம் பொறுமையாக இருங்கள் என்று கன்னியாஸ்திரீக்கு ஒரு வரி சேர்த்தேன். அண்ணனைப் பற்றி எழுதவில்லை. உயிரோடு இருப்பவர்களின் விவரங்களைப் பங்கு அலுவலகம் தருவதில்லை. அது விதி, நான் போட்டதல்ல.

அன்று மதியம் வழக்கம்போல ஃபெஸ்டிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். தபால் ஏதும் வந்ததா என்று கேட்டார். உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றேன். அதுவும் உண்மைதான், கடிதம் அவருக்கு வரவில்லை. அவர் உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே, "வருவான். அவன் எப்பவும் லேட்டுதான்" என்றார். நான் இன்னொரு உருளைக்கிழங்கை உரித்து அவர் தட்டில் வைத்தேன். நான் கல்நெஞ்சுக்காரி என்று அந்தக் கவென்ட்ரிப் பெண் சொன்னதாகக் கேள்விப்பட்டேன், அதனால்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஃபெஸ்டி அந்த அக்டோபரில் என் கையில்தான் இறந்தார். உயிலைக் கையாண்ட வக்கீல் பல்லினாவைச் சேர்ந்த ஓர் இளைஞர், நகரத்துப் பையன். மலக்கி லவெலைப் பற்றிப் பங்கில் ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டு எழுதினார். அதே அடக்கப் பதிவின் நகலை அனுப்பினேன். இரண்டு வயதில் செத்துப்போன குழந்தையை ஏன் ஒரு கிழவர் உயிலில் எழுதினார் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கிழவர்களின் உயிலில் எல்லாம் இருக்கும் என்று நினைத்திருப்பார். ஊரில் வயதானவர்கள் எல்லோருக்கும் மலக்கி இங்கிலாந்து போனது தெரியும். ஆனால் வக்கீலிடம் எந்தக் காகிதம் போனது என்பது அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் மனிதர்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், காகிதத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். நிலம் ஜார்லத்தின் பெயருக்கு வந்தது. அவனுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. இதை நீங்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். கடிதம் போட்டவர் கடிதத்தோடு நின்றிருக்க வேண்டும். 2010 டிசம்பரில் பனி உறைந்து மூன்று வாரம் இளகாமல் கிடந்தது, உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஒரு வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தார். படகில் வந்து, ரயிலில் பல்லினா வந்து, அங்கிருந்து ரோட்டில் உப்புத் தூவும் லாரி ஒன்றில் ஏறி வந்திருக்கிறார். அந்த லாரிக்காரரை உங்கள் துறை கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. எழுபத்தெட்டு வயது. சிமென்ட் தூசி தின்ற நெஞ்சு, ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் சத்தம். மெல்லிய கோட்டு. நான் அனுப்பிய நகலை நான்காக மடித்து உள்பையில் வைத்திருந்தார்.

பங்குத்தந்தை கால்வேக்குப் போயிருந்தார். அலுவலகத்தில் நான் மட்டும்தான். தேநீர் போட்டுக் கொடுத்தேன், இரண்டு துண்டு ரொட்டியும் கொடுத்தேன். அதைச் சாப்பிட்டுக்கொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஃபெஸ்டியின் அதே சிரிப்பு.

"நீ பெக்கோட பொண்ணுதானே? அட்ராக்டா. உங்கம்மாதான் எனக்கு ஞானத்தாய். உன்னைத் தோள்ல தூக்கிட்டு எத்தனை தடவை அந்த ஓடையைத் தாண்டியிருக்கேன், தெரியுமா? என் காதை ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு குதிரை ஓட்டுவே."

114-ஆம் பக்கம் ஆறாவது வரியில் ஞானத்தாய் என்ற இடத்தில் மார்கரெட் கில்ராய் என்று இருக்கிறது. அது என் அம்மா, ஊருக்கு பெக். மலக்கி கிளம்பிப் போன அன்று எனக்கு ஆறு வயது. வேலியில் ஏறி நின்று கையாட்டினேன். எல்லாம் ஞாபகம் இருந்தது. காதுகள்கூட ஞாபகம் இருந்தன, இடது காதின் நுனியில் நாய் கடித்த தழும்பு உண்டு. அது அங்கேயே இருந்தது.

"மன்னிக்கணும் ஐயா, எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தனக்கு முன்னால் ஒரு மலக்கி பிறந்து இறந்தான் என்றும், அவன் பெயரைத்தான் தனக்கு வைத்தார்கள் என்றும் அம்மா சொல்லியிருப்பதாகப் பொறுமையாக எனக்கு விளக்கினார். எனக்கே விளக்கினார். புத்தகத்தில் அடுத்த பக்கங்களைப் பார்த்தால் நானும் இருப்பேன், கொஞ்சம் பார்த்துச் சொல் என்றார். இரும்புப் பெட்டி அவர் முதுகுக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் இருந்தது.

"அந்த வருஷத்துப் புத்தகம் இல்லைங்க. டப்ளின்ல எரிஞ்சுபோச்சு."

1932-இல் பிறந்தவரின் பதிவு 1922-இல் எப்படி எரியும் என்று ஒரு குழந்தை கேட்டிருக்கும். அவர் கேட்கவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார். "ஆமா, எல்லாம் எரிஞ்சுபோச்சுன்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். ரொட்டியின் விளிம்பைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

பிறகு ஃபெஸ்டியைப் பார்க்க வேண்டும் என்றார். ஃபெஸ்டி லவெல் போன ஆண்டு காலமாகிவிட்டார் என்று சொன்னேன். கல்லறைத் தோட்டம் அலுவலகத்தை ஒட்டித்தான். நான் கூட்டிப்போனேன். அந்தக் குழியில் தாமஸ், பிரிட்ஜெட், ஃபெஸ்டி மூவரும் கிடக்கிறார்கள். பக்கத்தில் தாமஸ் தன் கையால் செதுக்கிய சின்னக் கல். அதன் மேல் இருந்த பனியை நானே கையுறையால் துடைத்தேன். மலக்கி லவெல், 1928 - 1930.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். அண்ணனின் கல்லை அவர் அதிகம் பார்க்கவில்லை. சின்னக் கல்லையே பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்போ நான் யாரும்மா?"

அவர் மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அந்தக் கேள்வியை இன்னொருவன் பெயருக்குள் பூட்டி வைத்துவிட்டு, நான் கழுவிய கால்கள் மண்ணுக்குள் போன பிறகு வந்து என்னிடம் கேட்கிறார். நீங்கள் ஜாக் ரைலி என்றேன். அந்தப் பெயரில்தானே சம்பாதித்தீர்கள், சாப்பிட்டீர்கள் என்றேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். அந்த நகலை அவரிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டேன். பங்கின் முத்திரை உள்ள காகிதம் தேவையில்லாமல் வெளியே சுற்றக் கூடாது.

மூன்று மணிக்கு என் காரில் ஏற்றிச் சாலைச் சந்திப்புக்குக் கொண்டுபோனேன். அந்தச் சந்திப்பை நீங்கள் அளந்து பார்த்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் சதுப்பு நிலம், மறுபக்கம் காடு. மூன்று பக்கம் அடைத்த பேருந்து நிழற்குடை. கிட்டத்து வீடு நான்கு மைல். வழியில் ஒரு வண்டியும் எதிர்ப்படவில்லை, அந்தப் பனியில் யார் வருவார்கள். இன்றைக்குப் பஸ் உண்டா என்று கேட்டார். நாலு மணிக்குப் பல்லினா பஸ் என்றேன். அது சரியான நேரம்தான். செவ்வாயிலும் வெள்ளியிலும் மட்டும் நாலு மணிக்கும், காலையில் பத்து மணிக்கும் உண்டு. ஞாயிறு தோறும் பங்கு அறிக்கையில் அந்த நேரங்களைத் தட்டச்சு செய்பவள் நான்தான். அன்று வியாழன் என்றும் எனக்குத் தெரியும். இதை உங்கள் தாளில் 'கவனக்குறைவால்' என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்திருப்பீர்கள். என் வேலையில் கவனக்குறைவு என்ற சொல்லை யாரும் எழுத நான் விட்டதில்லை.

இறங்கும்போது அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். "உன் நேரத்தை வீணாக்கிட்டேன், பொண்ணு. கெழவனுக்குப் புத்தி தடுமாறிப்போச்சு" என்றார். அவர் அதை நம்பிவிட்டார் என்று அப்போது தெரிந்தது. நம்பியவருக்கு மனம் லேசாகியிருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஐந்து மணிக்கு ஜார்லத்துக்குச் சாப்பாடு போட்டேன். அவன் பூட்ஸைக் கழற்றவில்லை. "மேல் வயல்ல ஆடு நிக்குதும்மா, டிராக்டர்ல சந்திப்பு வழியா ஒரு நடை போயிட்டு வந்துடறேன்" என்றான். மேல் வயல் என்றால் ஃபெஸ்டியின் வயல். அந்த வழியில் போனால் நிழற்குடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவன் யாரையும் குளிரில் விட்டுவிட்டு வருகிறவன் அல்ல. வீட்டுக்குக் கூட்டி வந்து என் அடுப்பின் முன்னால் உட்கார வைத்திருப்பான். அவர் சிரித்திருப்பார், ஃபெஸ்டியின் சிரிப்பை ஜார்லத்துக்கு நன்றாகத் தெரியும்.

"ரோடு கண்ணாடியா இருக்கு. ஆடு ஒண்ணும் செத்துப்போயிடாது. உக்காரு" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த விஷயம் இதுதான், இதோ எழுதிவிட்டேன். அவரை அங்கே இறக்கிவிட்டபோதுகூட மனம் மாறினால் திரும்பிப் போய் அவரைக் கூட்டி வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. மகனை உட்கார வைத்த பிறகு இல்லை. அன்றைக்கு மைனஸ் பதினொன்று. நான் கணப்பில் இன்னும் இரண்டு கட்டி கரி போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிப் பேருந்தின் ஓட்டுநர் அவரைப் பார்த்தார். உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார், தொப்பி மடியில். பையில் ஒரு படகுச் சீட்டின் பாதி, ஒரு சீப்பு. உங்களுக்கு முன்னால் இருந்த சார்ஜண்ட் நேராக என்னிடம்தான் வந்தார். "அட்ராக்டா, உங்களுக்குத் தெரியாத குடும்பம் இந்தப் பக்கத்துல இல்ல. வேர் தேடி வந்தவரா இருக்குமோ?" என்று கேட்டார். நிறையப் பேர் வருகிறார்கள், எல்லோருமே விலாசம் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள் என்றேன். வருகைப் புத்தகத்தைக் காட்டினேன். உடலை மார்ச் மாதம் வரை பிணவறையில் வைத்திருந்து, பிறகு பங்கே அவரை அடக்கம் செய்தது. வடக்குச் சுவரோரம் ஒரு நல்ல இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பதிவேட்டில், 'பெயர் தெரியாத ஆண், வயது ஏறக்குறைய எண்பது' என்று எழுதினேன். சார்ஜண்ட், நீங்கள் 'திருத்தி' என்று எழுதியதற்கு நான் அவ்வளவு கோபப்பட்டதன் காரணம் இப்போது புரியும். அந்த ஒரு வரிதான் நான் எழுதிய பொய். அதுவும் திருத்தம் அல்ல, புதுப் பதிவு.

அவருக்கு ஒரு மகள், இந்தக் கவென்ட்ரிப் பெண், இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. தாயையும் அவளையும் விட்டுப் போனவர் அவர். விடுதியில் கிடந்த அவர் பெட்டி பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அவள் கைக்கு வந்திருக்கிறது, அதற்குள் என் கடிதம். அவள் எச்சிலைக் குழாயில் துப்பி ஏதோ மரபணுக் கம்பெனிக்கு அனுப்ப, அவர்கள் லவெல் வழியில் ஒன்றுவிட்ட உறவுகளைக் காட்டியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் பதிவேடு வேண்டாம், எச்சில் போதும். பிறகு நீங்கள் வடக்குச் சுவரோரம் தோண்டினீர்கள், எலும்பும் எச்சிலும் பொருந்திவிட்டன. நல்லது. அவள் நிலத்தையும் கேட்பாள் என்று ஜார்லத்தின் வக்கீல் சொல்கிறார். கேட்கட்டும். ஆட்டுக்கு எந்தப் பக்கம் வாய் என்று அவளுக்குத் தெரியாது. ஜார்லத் வடித்த வயல் அது. கடவுள் முன்னால் நின்றாலும், எந்த நீதிபதி முன்னால் நின்றாலும், அது இருந்தவர்களுக்குச் சேர வேண்டிய நிலம் என்றுதான் சொல்வேன். நான் செய்ததை மறுபடி செய்வாயா என்று கேட்டீர்கள். பேருந்து இல்லாத நாளில் அவர் மறுபடி வந்தால் செய்வேன்.

கடைசியாகக் கல்லைப் பற்றி. அந்தப் பெண் தன் அப்பாவை அவருடைய பெற்றோரின் குழிக்கு மாற்றி, அந்தச் சின்னக் கல்லுக்குப் பக்கத்திலேயே 'மலக்கி லவெல்' என்று கல் வைக்க விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். பங்கு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும், விண்ணப்பம் என் மேசையில் கிடக்கிறது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரே பெயர், ஒரே தாய் தகப்பன், இரண்டு கல். நாளைக்கு யாராவது தேடி வந்தால் எந்த மலக்கி யாருடைய மலக்கி என்று தலை சுற்றிப் போகும். ஜாக் ரைலி என்று போட்டு வடக்குச் சுவரோரமே வைக்கச் சொல்லுங்கள். இதில் பகை ஒன்றும் இல்லை, விவரம் சரியாக இருக்க வேண்டும் என்ற கவலை மட்டும்தான். நாற்பது ஆண்டுகளில் இந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒருவரைக்கூட நான் தவறான கல்லின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதில்லை.